பெற்றோரின் வீட்டை விற்பதா, வைத்திருப்பதா: கலிஃபோர்னியாவில் பாதுகாவலர் முன் உள்ள வழிகள்

கலிஃபோர்னியாவில் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ மறதி நோயால் தம் பண விவகாரங்களைத் தாமே கவனிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால், அவருடைய சொத்தை நிர்வகிக்கப் புரோபேட் நீதிமன்றம் (உயில், வாரிசுரிமை, பாதுகாவலர் வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றம்) ஒருவரை நியமிக்கிறது. அங்கே கன்சர்வேட்டர் எனப்படும் இந்தப் பாதுகாவலர் பல குடும்பங்களில் மகனாகவோ மகளாகவோ இருக்கிறார். முன்னரே வீட்டை டிரஸ்டுக்கு மாற்றி எழுதியிருந்தாலோ, இயலாமைக்குப் பின்னும் செல்லத்தக்க பவர் பத்திரம் கொடுத்திருந்தாலோ பொதுவாக நீதிமன்றம் செல்லாமலே விற்றுவிடலாம். இந்த அலசல் அவ்விரண்டும் இல்லாத குடும்பங்களுக்கானது.

விற்பது என்று முடிவெடுத்தால் இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது, ஒருவரிடம் விலை பேசி முடித்துவிட்டு, அந்த விற்பனையை நீதிமன்றம் உறுதிசெய்யக் கோருவது. நீதிமன்றத்தின் மதிப்பீட்டாளரான புரோபேட் ரெஃப்ரீ குறித்த மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் விலை இருக்க வேண்டும். விசாரணை நாளன்று வேறு எவரும் வந்து கூடுதலாகக் கேட்கலாம். பேசிய விலையோடு, அதன் முதல் 10,000 டாலருக்கு 10 சதவீதமும் மீதிக்கு 5 சதவீதமும் கூட்டித்தான் அந்தக் கேள்வி தொடங்கும். 9 லட்சம் டாலருக்குப் பேசிய வீடானால், அடுத்தவர் குறைந்தது 9,45,500 டாலர் கேட்க வேண்டும். இரண்டாவது பாதையில், பாதுகாவலர் தனியதிகாரத்தை நீதிமன்றத்திடம் முன்கூட்டியே பெற்று, சந்தையில் மற்றவர்கள் விற்பது போலவே விற்கிறார். ஆனால் அது பெற்றோர் குடியிருந்த வீடு என்றால், விலையும் தரகும் உட்பட விற்பனை நிபந்தனைகள் எல்லா வகையிலும் பெற்றோருக்கு நன்மையானவை என்று நிறுவியாக வேண்டும்.

இரண்டாவது பாதை விரைவானது. கையில் கடன் ஒப்புதலோடு வரும் சாதாரணக் குடும்பங்களும் வாங்க முன்வருவார்கள். முதல் பாதையில், தமக்கு மேல் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தால் பலர் விலகிப்போவார்கள். இருந்தும் உடன்பிறந்தவர்களுக்குள் ஏற்கெனவே மனத்தாங்கல் உள்ள வீட்டில் முதல் பாதையே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். திறந்த மன்றத்தில், யார் வேண்டுமானாலும் கூடுதலாகக் கேட்க இடமிருந்த நிலையில் தீர்ந்த விலையைக் காட்டி, வேண்டியவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டாய் என்று பின்னாளில் எவரும் சொல்ல முடியாது. சில மாதத் தாமதம் அதற்கு ஏற்ற விலைதான்.

எந்தப் பாதையானாலும், புரோபேட் சட்டத்தின் 2540ஆம் பிரிவு ஒரு கடமையை விதிக்கிறது. விற்பனையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசியதையும், அவர் அதை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்பதையும், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு போன்ற மாற்று வழிகள் உண்டா என்பதையும் பாதுகாவலர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் சடங்காக முடித்துவிடுவது பெரும் பிழை. தேதியை மறந்த தாய்க்கும் தன் சமையலறை நினைவிருக்கும்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது விற்காமல் வைத்திருக்கும் வழி. வீடு வீடாக இருக்கும்வரை அதற்குக் கிடைக்கும் காப்புகள், அது பணமாக மாறிய நாளிலேயே அகன்றுவிடுகின்றன. ஆகவே இந்த வழிதான் அதிகக் கவனத்துக்குரியது. வருமானம் குறைந்தோருக்கான கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடி-காலின் சொத்துக் கணக்கில், திரும்பி வரும் எண்ணத்துடன் விட்டுச்சென்ற குடியிருப்பு வீடு சேராது. விற்ற பணம் சேரும். 2024 தொடக்கத்தில் நீக்கப்பட்ட சொத்து வரம்பு, 2026 ஜனவரி முதல் 1,30,000 டாலராக மீண்டும் வந்திருக்கிறது. பாதுகாவலர் தவறிழைத்தால் பெற்றோருக்கு ஈடு தருவதற்காக அவர் கட்ட வேண்டிய பிணைப் பத்திரத்தின் தொகை பெரும்பாலும் அசையும் சொத்தையும் ஆண்டு வருமானத்தையும் கொண்டே கணக்கிடப்படுவதால், வீடு பணமானதும் அந்தத் தொகையும் அதற்கான ஆண்டுக் கட்டணமும் உயரும். நீதிமன்ற உத்தரவின்றி எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டு இந்தச் சுமையைக் குறைக்கலாம்.

வரியில்தான் வேறுபாடு மிகப் பெரிது. 1985இல் 1.5 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இன்று 9 லட்சத்துக்குப் போனால் ஆதாயம் 7.5 லட்சம், குடியிருந்த வீட்டுக்கான 2.5 லட்சம் விலக்கு போக 5 லட்சத்துக்கு மத்திய அரசும் மாநிலமும் வரி கேட்கும். அதே வீடு விற்கப்படாமல் பெற்றோரின் இறப்புக்குப் பின் பிள்ளைகளுக்கு வந்தால், இறந்த நாளின் மதிப்பே அடக்கவிலையாக, அதாவது ஆதாயத்தைக் கணக்கிடும் வாங்கிய விலையாக, கொள்ளப்படும். அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு வரியே இல்லை. ஆனால் இந்தச் சேமிப்பு பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது. பராமரிப்புச் செலவோ பெற்றோருடையது. தம் பங்கைக் காப்பதற்காகப் பெற்றோரை மலிவான இல்லத்தில் வைக்கும் பாதுகாவலர் தம் பொறுப்பை மீறியவர் ஆவார்.

வாடகைக்கு விடுவது நடுவழி போலத் தெரியும். வாடகை பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் வாடகை வருமானத்திலிருந்து தேய்மானமாகக் கழித்த தொகைக்குப் பின்னாளில் விற்கும்போது வரி உண்டு, குடியிருப்போருடன் ஒரு தகராறு வந்தாலும் கணக்கு தலைகீழாகும். பூட்டி வைப்பது அதைவிட மோசம்: ஆளில்லாத வீட்டுக்குப் பல காப்பீட்டுப் பத்திரங்கள் 30 அல்லது 60 நாளுக்குப் பின் சில சேதங்களுக்கு ஈடு தருவதில்லை. வீட்டை அடமானம் வைத்து மூத்தோர் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ், பெற்றோர் அதே வீட்டில் வாழும்வரைதான் உதவும். அரசு காப்பீடுள்ள கடனில், கூட்டாகக் கடன் பெற்றவர் வேறெவரும் அங்கில்லாமல் அவர் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் மருத்துவ இல்லத்தில் இருந்தால் முழுக் கடனையும் திருப்பிக் கேட்கலாம்.

ஆகவே பெற்றோரின் சேமிப்பும் ஓய்வூதியமும் மூன்று நான்கு ஆண்டுப் பராமரிப்பைத் தாங்குமானால் வீட்டை விற்க அவசரப்படக் கூடாது என்பேன். ஓராண்டைக்கூடத் தாங்காது என்றால் வரியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் முன்னரே காலமாகி, வீடு இருவரின் மணவாழ்க்கைக் கூட்டுச் சொத்தாக இருந்திருந்தால், அந்த நாளிலேயே முழு வீட்டின் அடக்கவிலையும் உயர்ந்திருக்கும். தந்தை 2020இல் இறந்திருந்தால், மேற்சொன்ன, வரிக்குரிய 5 லட்சம் ஆதாயம் ஏறத்தாழ இல்லாமலே போகலாம். விற்பனை மனுவை எழுதுமுன், அந்த ஆண்டில் வீட்டின் மதிப்பு என்னவாக இருந்தது என்று காட்டும் மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுக்க வேண்டும். இல்லையேல் பின்தேதியிட்டு மதிப்பிட்டுத் தரும்படி ஓர் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கேட்கலாம்.