சிம்மக்கல் கணினிக் கடை: 13 சதவீதத்தின் பொருள்

கணக்கு மென்பொருள் திணறுகிறது என்று என் கணினியை மதுரை சிம்மக்கல்லில் உள்ள சிறிய பழுதுபார்ப்புக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். சிபியு (கணினியின் மையச் செயலி) பயன்பாடு 13 சதவீதம்தானே, குறை அதில் இல்லை என்று, முன்பு வேறொரு கடையில் ராமை (நினைவகத்தை) மாற்றித் தந்தும் பயனில்லை. இந்தக் கடைக்காரரோ விண்டோஸில் சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தை லாஜிக்கல் பிராசஸர் (இயங்குதளம் தனித்தனிச் செயலியாக எண்ணும் அலகு) வாரியாக எட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்; ஒரு கட்டத்தில் உச்சம் தொட்ட கோடு, சற்று நேரத்தில் அடுத்த கட்டத்துக்குத் தாவியது. ஒரே இழையில், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்து ஓடும் நிரல் ஒரு பிராசஸரை முழுதாக எடுத்துக்கொண்டாலும் எட்டின் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதமாகவே, முழு எண்ணாக 13 என்றே தெரியும் என்றும், லினக்ஸின் டாப் கட்டளை வழக்கமாக அதையே 100 என்று காட்டும், அங்கே எட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 800 என்றும் பொறுமையாக விளக்கினார். கோர்களை (சிபியுவுக்குள் உள்ள தனித்தனிச் செயல் அலகுகளை) கூட்டுவதால் இந்த மென்பொருள் வேகமாகாது என்று, கைக்கு வந்த விற்பனையையும் விட்டுவிட்டுச் சொன்ன அந்த நேர்மைக்காகவே மீண்டும் அங்கே செல்வேன்.