கோட்டாவா, உள்ளிருந்தே வளர்க்கிறதா?

பெண்களை மேல் பதவிக்கு கொண்டு வர, இத்தனை இடம் பெண்களுக்குன்னு ஒதுக்குற கோட்டாவா, இல்ல கம்பெனிக்குள்ள இருக்கற பெண்களையே வளர்த்து மேல ஏத்துறதா, எது சரின்னு ஆபீஸ்ல நிறைய பேர் குழம்புறாங்க.

வேகம்: கோட்டாதான். நார்வேல 2003ல சட்டம் போட்டாங்க, 2008க்குள்ள பப்ளிக் கம்பெனி போர்டுகள்ல 40% பெண்கள். உள்ளிருந்து வளர்க்க வருஷக்கணக்கா ஆகும்.

ஆழம்: இங்கதான் கோட்டா தடுமாறுது. நம்ம 2013 கம்பெனி சட்டம் குறிப்பிட்ட வகை கம்பெனிகளோட போர்டுல ஒரு பெண் டைரக்டராவது வேணும்னு சொன்னதும் பல இடத்துல முதலாளி வீட்டம்மாவையே உக்கார வச்சாங்க, அப்புறம்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி, டாப் 1000 லிஸ்டட் கம்பெனிக்கு சுயேச்சையான, அதாவது முதலாளி குடும்பத்தைச் சேராத, பெண் டைரக்டர் கட்டாயம்னுச்சு. ஆனா போர்டுல ஒருத்தர் இருக்கறதால, பிரசவ லீவு முடிஞ்சு வர்ற டீம் லீடுக்கு அவ ப்ராஜெக்ட் திரும்பக் கிடைக்காது, சாயங்காலம் ஏழு மணி மீட்டிங்கும் மாறாது. அதை மேனேஜர்தான் மாத்தணும்.

செலவு: ரெண்டுலயும் பெருசா இல்ல.

போர்டுக்கு கோட்டா, மேனேஜர் லெவலுக்கு வளர்ப்பு, இதுதான் என் தேர்வு.