கோவையில் வீடு: பில்லரா, பெல்ட் போட்ட சுவரா?

மாடியோடு வீடு கட்டும் முன் நாங்கள் யோசித்தது இரண்டு முறைகளை. ஒன்று கான்கிரீட் தூணும் பீமும் சுமையைத் தாங்கும் பில்லர் வீடு, இன்னொன்று செங்கல் சுவரே சுமையைத் தாங்கும் வீடு. எது நிலநடுக்கத்துக்குத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

"தக்காணம் கெட்டிப் பாறை, இங்கெல்லாம் அது வராது" என்பார்கள். 1993 செப்டம்பர் 30 விடிகாலை குலுங்கிய மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியும், அன்றைய நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 6.2 அளவு நடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கோவையிலும் 1900 பிப்ரவரி 8 அன்று 6ஐ ஒட்டிய நடுக்கம் வந்திருக்கிறது. 2002 வரைபடத்தில் நம் ஊர் நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம்.

கில்லாரியில் உயிரைக் குடித்தவை மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர்கள். உள்வரிசையையும் வெளிவரிசையையும் கோக்கும் நீளக் கல் இல்லாததால் சுவர் இரண்டாகப் பிளந்தது. மேலிருந்த கனத்த மண்கூரை அப்படியே இறங்கியது. அதனால் பில்லர்தான் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. 2001 குஜராத் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், கீழே பார்க்கிங்குக்காகத் திறந்து விட்ட பில்லர் அடுக்குமாடிகள் சரிந்தன.

செலவில் சுவர் வீடு கொஞ்சம் மலிவு. விற்கும்போது பில்லர் வீட்டுக்கு மதிப்பு கூடுதல். பின்னால் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க பில்லர் வீட்டில்தான் முடியும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறு: சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று நாமே பார்க்க முடிகிறதா? பில்லரின் உயிர் ரிங்கில், அதாவது நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தில் இருக்கிறது. ரிங்கின் இரு நுனியும் 135 டிகிரி மடங்கி உள்ளே கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். வழக்கமாக 90 டிகிரியில் நிறுத்திவிடுகிறார்கள். குலுங்கும்போது ரிங்குக்கு வெளியே உள்ள கான்கிரீட் உதிர்ந்தால் அந்த ரிங் விரிந்துவிடும். பீமும் பில்லரும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருக்கும், அங்கே ரிங்கே போடாமல் விடுவதும் உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு எதுவும் தெரியாது.

சுவர் வீட்டில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கு நேரே இருக்கும், அதனால் அதையே கட்டினோம். அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு பெல்ட் (கம்பி வைத்த கான்கிரீட் பட்டை), கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒரு பெல்ட். ஜன்னல் மேல் மட்டும் போடும் கட் லிண்டல் போதாது. பெல்ட் உள்சுவர் உட்பட எல்லாச் சுவரையும் அறுபடாமல் சுற்றி வர வேண்டும். மூலையில் கம்பி வெட்டுப்படாமல் திரும்பி அடுத்த சுவருக்குள் போகிறதா என்று நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். மூலைகளில் செங்குத்துக் கம்பியும் விட்டோம். ஜன்னலை மூலையிலிருந்து தள்ளி வைத்தோம். மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே கம்பியை வளைத்துக் காட்டினார்.

எங்கள் மனையில் கொஞ்சம் தோண்டினாலே கெட்டி மண். கரிசல் மண்ணிலோ, மூன்றாவது தளம் ஏற்றும் எண்ணத்திலோ இருப்பவர்களுக்கு இதையே சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அங்கே பொறியாளர் பில்லர் சொன்னால் கேளுங்கள். ஆனால் கான்கிரீட் போடும் நாளுக்கு முன், ஒவ்வொரு இணைப்பிலும் ரிங் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.