குகை அறை, 3,200 ரூபாய்

திருச்சூர் போகிற ரோட்டில் குதிரான் சுரங்கப்பாதை திறந்தபிறகு, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து சாலக்குடி எங்களுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. பிள்ளைகள் அங்கிருக்கிற சில்வர் ஸ்டார்ம் தண்ணீர் விளையாட்டுப் பார்க்குக்குப் போக வேண்டும் என்று நச்சரித்தார்கள். பார்க்கை ஒட்டிய அறைகளின் வாடகையைப் பார்த்து மலைத்து, அதிரப்பள்ளி ரோட்டிலேயே சற்றுத் தள்ளி, காடு மாதிரி ஜோடித்த ஒரு ரிசார்ட்டைப் பிடித்தேன். நான்கு பேருக்கு ஒரு ராத்திரி 3,200 ரூபாய், காலைச் சாப்பாடும் சேர்த்து.

அறை என்றால் சிமெண்டில் பூசிய குகை. வாசலில் வால் உடைந்த புலி. சின்னவள் அதற்கு மொட்டையன் என்று பேர் வைத்து, கிளம்பும்போது டாட்டா காட்டினாள். அவளைக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து ஸ்டார் கொடுப்பாள்.

குகைக்கு ஜன்னல் கிடையாது, அதுதான் சிக்கல். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடுப்பு வேண்டும். சாயங்காலம் நான்கு ஜோடியையும் பிழிந்து எங்கே காயப்போடுவது? கொடியும் இல்லை, வெயிலும் இல்லை. ஃபேனுக்கு அடியில் நாற்காலிகளில் விரித்தோம், காலையிலும் சொதசொதவென்றே இருந்தன. அறை முழுக்கக் குளோரின் வாடை. என் மனைவி ஒன்றும் பேசவில்லை, அந்த மௌனம் எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டில் குறை இல்லை. புட்டும் கடலைக்கறியும் சுடச்சுட, கேட்கக் கேட்க வைத்தார்கள். பரிமாறிய சேட்டன் எங்கள் தமிழைக் கேட்டதும், "பாலக்காடா?" என்று சிரித்து இன்னொரு குற்றிப் புட்டு தள்ளினார்.

அடுத்த தடவை அங்கேயே போனாலும் பால்கனி இருக்கிற மூங்கில் குடிலைத்தான் கேட்பேன். அறுநூறு ரூபாய் கூடுதல்தான், ஆனால் துணி காயும்.