மெல்லிய மடிக்கணினி: பேட்டரியா, வேகமா?

மெல்லிய மடிக்கணினிகளின் விளம்பரத்தில் இரண்டு எண்கள் பெரிதாக நிற்கும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஒன்று. பிராசஸர் முந்தைய தலைமுறையைவிட எத்தனை மடங்கு வேகமானது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே வேளையில் கிடைப்பதில்லை. மிக நீண்ட நேரம் தாங்கும்போது அந்தக் கணினி மிகக் குறைந்த வேலையே செய்துகொண்டிருக்கிறது. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தம்முடைய வேலை எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்பதே.

இந்தக் கணக்கு கடினமானதல்ல. பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் தரப்பட்டிருக்கும். அதைச் சராசரி வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைத்துவிடும். 2025-இல் வெளிவந்த எம்4 சிப் (ஆப்பிளின் பிராசஸர்) கொண்ட 13 அங்குல மேக்புக் ஏரில் இருப்பது 53.8 வாட்-மணி பேட்டரி. இணையவழிக் காணொளி பார்த்தால் 18 மணி நேரம் வரையும், இணையத்தில் உலவினால் 15 மணி நேரம் வரையும் தாங்கும் என்று ஆப்பிள் கூறுகிறது. வகுத்துப் பார்த்தால், திரையையும் சேர்த்து மொத்தக் கணினியும் ஏறத்தாழ 3 முதல் 3.6 வாட் அளவிலேயே ஓடுகிறது என்பது தெரியும். அதே கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து தொடர்ந்து 20 வாட் இழுக்கும் வேலையைச் செய்தால் மூன்று மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். காணொளியை இயக்குவதற்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று இருப்பதால்தான் முதல் எண் அவ்வளவு பெரிதாக வருகிறது. நிரலைத் தொகுப்பதற்கும் (கம்பைல்) பெரிய விரிதாளைக் கணக்கிடுவதற்கும் அப்படியொரு குறுக்குவழி கிடையாது. ஆகவே, காணொளியை வைத்துச் சொல்லப்படும் மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, இணைய உலாவலை வைத்துச் சொல்லப்படுவதை மட்டும், அதையும் ஓர் உச்சவரம்பாக மட்டும், எடுத்துக்கொள்வதே நல்லது.

வேகத்தின் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். சிப் இழுக்கும் மின்திறனில் பெரும்பகுதி, அதிர்வெண்ணுக்கு (சிப் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதற்கு) நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால், ஓர் எல்லைக்கு மேல் மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்தியே ஆக வேண்டும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஒரு பிராசஸரின் கடைசிச் சிறு பங்கு வேகத்துக்காக நாம் பேட்டரியின் பெரும் பங்கைக் கொடுக்கிறோம் என்பது இதன் பொருள். விண்டோஸில் மின்சிக்கன முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும் எழுத்து வேலையிலோ மின்னஞ்சலிலோ வித்தியாசம் தெரியாமல் போவதற்கும், ஆனால் பேட்டரி கண்கூடாகக் கூடுதல் நேரம் தாங்குவதற்கும் இதுவே காரணம்.

மெல்லிய உடலுக்கு இன்னொரு வரம்பும் உண்டு, அது வெப்பம். மேக்புக் ஏரில் விசிறியே இல்லை. கனமான வேலை சில நிமிடங்களைத் தாண்டினால் சூட்டைக் கட்டுப்படுத்த அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ளவையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். இன்டெல் 2024 செப்டம்பரில் வெளியிட்ட லூனார் லேக் சிப்புகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை மின்திறன் 17 வாட், உச்சம் 37 வாட். ஏஎம்டியின் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 சிப்பை 15 வாட் முதல் 54 வாட் வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ளும் உரிமை கணினியைத் தயாரிப்பவருக்கு இருக்கிறது. அதனால் ஒரே பெயருள்ள சிப் ஒரு கணினியில் சீறிப் பாய்வதும் மற்றொன்றில் சுணங்குவதும் இயல்பு. விமர்சனங்களைப் படிக்கும்போது, ஒருமுறை ஓட்டிய பென்ச்மார்க் (வேகச் சோதனை) எண்ணைவிட, அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பிறகு எவ்வளவு வேகம் மிஞ்சியது, சார்ஜரைக் கழற்றிய பிறகு எவ்வளவு குறைந்தது என்ற இரண்டு செய்திகளையே நான் தேடிப் படிப்பேன். பல விண்டோஸ் கணினிகள் பேட்டரியில் ஓடும்போது தங்கள் வாட் வரம்பைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றன. சார்ஜரோடு இணைத்து அளந்த வேகத்தையும், கழற்றிவிட்டு அளந்த மணி நேரத்தையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைப்பது வாசகருக்குச் செய்யும் அநீதி.

இப்போது என் கணிப்பு. எழுத்து, இணையம், அலுவலகக் கோப்புகள், அளவான நிரலாக்கம் ஆகியவையே வேலை என்றால், மேக்புக் ஏரும் லூனார் லேக் கணினிகளும் முன்னிலையில் நிற்கின்றன. விண்டோஸ் கட்டாயம் என்பவர்களுக்கு லூனார் லேக்கையே பரிந்துரைப்பேன். பழைய மென்பொருள்கள் எல்லாம் அப்படியே ஓடும். அதில் கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள், மொத்தம் எட்டுதான், ரேமும் சிப்போடு சேர்த்தே 16 அல்லது 32 ஜிபி என அமைக்கப்பட்டுவிடுகிறது, பின்னர் கூட்ட வழியில்லை. ஆகவே, எதில் சிக்கனம் பார்த்தாலும் ரேமில் பார்க்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். 2024 ஜூனில் வந்த குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப் கொண்ட கணினிகள் சார்ஜர் இல்லாதபோதும் வேகத்தைப் பெரிதாக இழக்காதவை. ஆனால் அந்தச் சிப் இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலிருந்து வேறுபட்ட ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதற்கென எழுதப்படாத மென்பொருள்களை அவை மொழிபெயர்த்தே ஓட்டுகின்றன, பழைய ஸ்கேனர் போன்ற கருவிகளின் டிரைவர்களை (கருவியை இயக்க உதவும் மென்பொருள்களை) அப்படியும் ஓட்ட இயலாது. தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் அதை வாங்குவது சரியல்ல. காணொளித் தொகுப்பும் பெரிய நிரல் தொகுப்பும் அன்றாட வேலையாக உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு கோர் கொண்ட ரைசனே பொருத்தம். சார்ஜரையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் வாங்கும்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

திரையையும் மறந்துவிடக் கூடாது. மூன்று நான்கு வாட்டில் ஓடும் கணினியில் திரையின் பங்கு மிகப் பெரியது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை கருப்புப் பின்னணியில் சிக்கனமானது, ஆனால் நாள் முழுவதும் வெள்ளை ஆவணத்தைத் திறந்து வைத்திருப்பவருக்கு அது கூடுதல் செலவு. அவர்களுக்குப் பின்னொளியில் இயங்கும் சாதாரண ஐபிஎஸ் திரையே போதும்.

வாங்கிய நாளின் மணி நேரம் நிலைத்திருக்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆப்பிள் தன் மடிக்கணினி பேட்டரிகளுக்குக் குறிப்பிடும் வரம்பு 1000 முழுச் சுற்றுகள் (முழுக் கொள்ளளவு அளவுக்குச் செலவழித்தால் ஒரு சுற்று). அதற்குள் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கக்கூடும். எனவே எட்டு மணி நேரம் உறுதியாகத் தேவைப்படுபவர், புதிதாக இருக்கும்போது தம் வேலையில் பத்து மணி நேரம் தாங்குவதையே வாங்க வேண்டும். மேசையில் எப்போதும் சார்ஜரோடு இணைத்து வைப்பவர்கள் சார்ஜ் அளவை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடலாம். தயாரிப்பாளர் பராமரிப்புக் கையேட்டை வெளியிட்டிருந்தால், பேட்டரி திருகுகளால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதை வாங்கும் முன்பே அதில் பார்த்துவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் பேட்டரியை மாற்றும்போது ஆகும் செலவு பெரும்பாலும் அதைப் பொறுத்ததாகவே இருக்கும்.