சுங்கை சிப்புட் கடைத்தெரு மாடிக் கிளினிக்

படி செங்குத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுமை. ஆனால் டாக்டரம்மா கேட்கிற கேள்விக்காகவே ஏறலாம். மாதவிடாய் வலி என்று கூட்டிப்போன என் மகளிடம் “வலிக்குதா?” என்பதோடு விடவில்லை. மலம் போகும்போது வலிக்குதா, தூரம் இல்லாத நாளிலும் அடிவயிறு இழுக்குதா, மாத்திரை போட்டும் ஸ்கூலுக்கு லீவு போடுறியா என்று துருவினார். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாமாம்: கர்ப்பப்பை உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10% பேருக்கு உண்டு. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். “கல்யாணமானா சரியாயிடும்” என்ற என் மாமியாருக்கும் பொறுமையாக விளக்கினார், அதற்கே தனி ஸ்டார்.

கவுண்டர் பெண் மட்டும் நோயைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுகிறார். நாம் வீடு சேருமுன் செய்தி எஸ்டேட்டுக்குப் போய்விடும்!