வெள்ளியா, பியூட்டரா?

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டனில் பணம் போட்டுவைக்க வங்கி கிடையாது. வசதியானவர்களுக்கு வெள்ளிப் பாத்திரமே சேமிப்பு. நாணயங்களை உருக்கிக் கிண்ணமாக்கி, செய்தவர் முத்திரையும் குடும்பத்தின் எழுத்துகளும் பொறித்துவிட்டால், திருடு போனாலும் அடையாளம் காட்டலாம். பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் 1768-ல் செய்த ‘சுதந்திரக் கிண்ணம்’ இந்தக் கைவேலையின் உச்சம். பிரிட்டிஷ் அரசின் கட்டளைக்குப் பணிய மறுத்த மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் 92 பேரைப் போற்றிச் செய்தது. இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெள்ளீயக் கலவையான பியூட்டர் அன்றாடச் சாப்பாட்டுத் தட்டு. மென்மையானது, நசுங்கினால் உருக்கி மறுபடி வார்த்துவிடுவார்கள். அதனால்தான் அந்தக் காலத்துத் தட்டுகள் அதிகம் மிஞ்சவில்லை.

அழகில் வெள்ளிதான் முந்தும். ஆனாலும் என் தேர்வு கத்திக் கீறல் விழுந்த பியூட்டர் தட்டு. யாரோ தினமும் அதில் இறைச்சி வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.